நூற்றி எண்பது ரூபாய் எங்கே போச்சு?

2023 செப்டம்பரில் சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருடைய வங்கிக் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்தது ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக் கணக்கு. அதற்கு முன் அதில் கிடந்தது 105 ரூபாய். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தவர், சோதித்துப் பார்க்க நண்பர் ஒருவருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டது! சற்று நேரத்தில் வங்கி விழித்துக்கொண்டு மீதியைத் திரும்ப எடுத்தது. பிறகு அந்த 21,000-க்காகப் பேச்சுவார்த்தை, வக்கீல், தி. நகர் கிளையில் சமரசம். கடைசியில் வங்கி அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்து, கார் வாங்கக் கடனும் தருவதாகச் சொன்னதாகச் செய்தி வந்தது.

அந்த வாரம் எங்கள் ஆபீஸில் டீ நேரம் முழுக்க இதே பேச்சு. "நானா இருந்தா அடுத்த ஃப்ளைட்ல கிளம்பியிருப்பேன்." "ஒரு நாள் வட்டி மட்டும் எவ்ளோ வரும் தெரியுமா?" எல்லோரும் அந்த ஓட்டுநரின் சீட்டில் உட்கார்ந்துதான் யோசித்தார்கள். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். பிறர் போட்ட எண்களைச் சரிபார்ப்பதிலேயே என் வேலை நேரம் முக்கால்வாசி போய்விடும். அதனால் என் மனசு நேராக மறுபக்கம் போனது. அந்தத் தொகையை அந்தக் கணக்குக்கு அனுப்பிய ஆள் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டிருப்பாரா?

ஏதோ ஒரு வங்கியில் ஒரே ஒரு நாள் நடந்த அதிசயம் என்று இதைச் சொல்ல முடியாது. 2022 மே மாதம் எச்.டி.எஃப்.சி. வங்கியின் சென்னை வாடிக்கையாளர்கள் சுமார் நூறு பேர் கணக்கில் ஆளுக்கு 13 கோடி ரூபாய் இருப்பதாகக் காட்டியது. 2023 தீபாவளிச் சமயத்தில் யூகோ வங்கியில் ஐ.எம்.பி.எஸ். வழியாக 820 கோடி ரூபாய் சம்பந்தமில்லாத கணக்குகளுக்குப் போனது. இப்படிப் போகும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. 1872-இல் போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, தவறுதலாக வந்த பணத்தை வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. ராங் நம்பருக்கு ஜிபே பண்ணிவிட்டு, வாங்கியவரால் பிளாக் செய்யப்பட்டு நிற்கும் எல்லோருக்கும் இந்தப் பிரிவு சமர்ப்பணம்.

இந்த ரகத்தில் நான் விழுந்து விழுந்து படித்த கேஸ் அமெரிக்காவின் சிட்டி வங்கியினுடையது. ரெவ்லான் என்ற அழகுசாதன கம்பெனி பலரிடம் கடன் வாங்கியிருந்தது. அந்தக் கடனுக்கு சிட்டி ஒரு ஏஜென்ட். ரெவ்லானிடம் வட்டியை வாங்கி, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. 2020 ஆகஸ்ட் 11 அன்று போக வேண்டியிருந்தது வட்டி மட்டும், சுமார் 78 லட்சம் டாலர். அதோடு சேர்ந்து முழு அசலும் போனது. கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அத்தனையும் சிட்டியின் சொந்தக் காசு.

எப்படிப் போனது என்பதுதான் விஷயமே. சிட்டி பயன்படுத்திய மென்பொருளின் பெயர் ஃப்ளெக்ஸ்கியூப். நம் நாட்டில் பிறந்து ஆரக்கிள் கைக்குப் போனது. அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்த வேலையை அதில் நேரடியாகச் செய்ய வழியில்லை. முழுக் கடனையும் முடிப்பதாக முதலில் அதனிடம் சொல்ல வேண்டும். பிறகு, அசலை மட்டும் வெளியே விடாமல் வங்கியின் உள் கணக்கு ஒன்றுக்குத் திருப்ப வேண்டும். நம் ஊர் வங்கிக்காரர்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி; அவர்கள் வாஷ் அக்கவுண்ட் என்றார்கள். அதற்குத் திரையில் மூன்று பெட்டிகள்: பிரின்சிபல், ஃப்ரண்ட், ஃபண்ட். மூன்றையும் டிக் செய்து, மூன்றிலும் அந்தக் கணக்கு எண்ணைப் போட வேண்டும். பதிவு செய்தவர் பிரின்சிபலை மட்டும் டிக் செய்தார். அசலைத்தானே திருப்ப வேண்டும்? அசல் என்று பெயர் போட்டே ஒரு பெட்டி இருக்கும்போது, மற்ற இரண்டையும் யார் தொடுவார்கள்?

பதிவு செய்த மேக்கர் இந்தியாவில் விப்ரோ மூலம் வேலை பார்த்தவர். சரிபார்த்த செக்கரும் அப்படியே. கடைசியில் ஒப்புதல் கொடுத்தவர் அமெரிக்காவில் இருந்த சிட்டி அதிகாரி. மூவரும் பார்த்தார்கள், மூவருக்கும் சரியாகவே பட்டது. மறுநாள்தான் தெரிந்தது. கடன் கொடுத்தவர்களில் சிலர் பணத்தைத் திருப்பினார்கள். சிலர் சுமார் 50 கோடி டாலரைப் பிடித்துவைத்துக்கொண்டு, எங்களுக்கு வர வேண்டிய கடன் வந்துவிட்டது, நன்றி என்றார்கள். அவர்கள் அலுவலகச் சாட்டில் அடித்த ஜோக்குகள்கூடக் கோர்ட்டில் வெளியே வந்தன. கொரோனா காலம் என்பதால், வீட்டிலிருந்து வேலை பார்த்தவரின் நாய் கீபோர்டில் ஏறியிருக்கும் என்கிற ரகம்.

2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிபதி, அவர்கள் பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. வந்த தொகை கடன் பாக்கியோடு சென்ட் பிசகாமல் பொருந்துகிறது. இவ்வளவு பெரிய வங்கி இப்படி ஒரு தவறைச் செய்யும் என்று நம்புவதைவிட, வேண்டுமென்றே கடனை அடைத்திருக்கிறது என்று நம்புவதே இயல்பு. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடன் முதிர்வதே 2023-இல். வராத நாளில் வந்த பணத்தைப் பார்த்து ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டாமா என்றது.

எனக்கு இந்த வழக்கில் பிடித்தது தீர்ப்புகள் இல்லை. இரண்டு நாட்டில், வெவ்வேறு மேஜைகளில் இருந்த மூன்று பேர், ஒரே திரையை ஒரே மாதிரித் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது கோர்ட் ஆவணத்தில் வரி வரியாகப் பதிவாகியிருக்கிறது. அந்த மூவரையும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு மூவரை உட்கார வைத்திருந்தாலும், நாலாவது ஆளும் பிரின்சிபலை மட்டும்தான் டிக் செய்திருப்பார்.

நமக்கு இது கொஞ்சம் ஜீரணமாகாது. நீதி என்றால் நமக்கு மனுநீதிச் சோழன். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிலை வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் படித்த கதையை இப்போது ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணால் திரும்பப் பாருங்கள். படை சூழ இளவரசன் தேரில் வருகிறான். கன்று ஒன்று துள்ளி ஓடி வந்து சக்கரத்தில் விழுகிறது. அவன் ஏற்றவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். ராஜா கேட்கவில்லை. இளவரசன் மேல் தேரை ஏற்றச் சொல்லப்பட்ட அமைச்சர், அதைச் செய்வதற்குப் பதில் தன் உயிரை விட்டுவிடுகிறார். பிறகு ராஜாவே ஏற்றுகிறார். ஆக மூன்று உயிர். சிவபெருமான் வந்து மூவரையும் எழுப்பிக் கொடுத்ததால் கணக்கு நேரானது.

கதையைக் கேலி செய்யவில்லை. அரசன் மகனுக்கும் விலக்கு இல்லை என்பது பெரிய விஷயம், அதற்காகத்தான் சிலை. ஆனால் நாம் அந்த நீதியைக் கையில் எடுப்பது எந்த இளவரசன் மேல்? பரோட்டா மாஸ்டர் மேல். டெலிவரிப் பையன் மேல். கவுண்டரில் நிற்கும் பெண் மேல். இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. மறுநாள் அதே தெருவில் அடுத்த தேர் கிளம்பியிருக்குமே, அடுத்த கன்றுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்?

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்கள் விமானத் துறைக்காரர்கள். அவர்களும் முதலிலேயே கேட்டுவிடவில்லை. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேரும் இறந்துபோனார்கள். இறங்கலாம் என்று தரையிலிருந்து சொன்னதை, உடனே 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். வழியில் அதைவிட உயரமான மலை இருந்தது. விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. சுமார் ஆறு வாரத்துக்கு முன்னால், இதே இடத்தில், இதே அனுமதியை இதே மாதிரி புரிந்துகொண்ட யுனைடெட் விமானம் ஒன்று மயிரிழையில் தப்பியிருக்கிறது. யுனைடெட் தன் விமானிகளிடம் சொல்லி உஷார்படுத்தியது. அடுத்த கம்பெனிக்காரர்களுக்கு அது போய்ச் சேர வழி இருக்கவில்லை.

அதற்குப் பிறகு, தவறுகளை எங்களிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விமானிகள் நம்பவில்லை. லைசென்ஸைப் பிடுங்கும் அதிகாரம் உள்ளவனிடமே போய், நேற்று இப்படிச் செய்துவிட்டேன் என்று யார் எழுதித் தருவார்கள்? அதனால் 1976-இல் அந்த வேலையை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்கு யாரையும் தண்டிக்க அதிகாரமில்லை. ஒரு விமானி விதியை மீறிவிட்டார், வேண்டுமென்று செய்யவில்லை, குற்றச்செயல் இல்லை, விபத்தும் இல்லை என்றால், பத்து நாளுக்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும். நாசாவில் அந்தப் படிவத்தில் பெயர் இருக்கும் துண்டைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு நடவடிக்கை என்று வந்தால் அந்தத் துண்டுச் சீட்டைக் காட்டினால், மீறல் பதிவாகும், ஆனால் தண்டனை இல்லை. இதுவரை பத்து லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்திருக்கின்றன. குழப்பமான வரைபடம், ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள், தப்பான இடத்தில் இருக்கும் ஸ்விட்ச் என்று எல்லாமே விபத்தாகும் முன்பே வெளியே வந்துவிடுகின்றன.

இதில் இரக்கம் ஒரு துளி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பக்கா வியாபாரம். நீ எனக்குத் தகவல் கொடு, நான் உனக்குத் தண்டனையை விட்டுத் தருகிறேன். இதுவும் மன்னிப்புதான். மன்னிப்பு என்றாலே மனசு இளகுவது, கண்ணில் நீர் வருவது என்று நமக்கு ஒரு சினிமாப் படம் ஓடும். நான் சொல்லும் மன்னிப்புக்கு அதெல்லாம் தேவையே இல்லை. கறாரான ஆளாலும் செய்ய முடியும்.

மருத்துவத்தில் இது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் 2017 டிசம்பரில் நடந்தது இது. 75 வயதுப் பெண்மணிக்குப் பதற்றம் தணிய ஒரு மருந்து கொடுக்க வேண்டும். மருந்து அலமாரி கம்ப்யூட்டரோடு இணைந்தது. முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் மருந்து வரும். செவிலியர் தட்டினார். அலமாரி அந்த மருந்தை வேறு பெயரில் வைத்திருந்தது. ஓவர்ரைடு செய்து, அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் இன்னொரு மருந்தை எடுத்துவிட்டார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. நோயாளி இறந்துபோனார். செவிலியர் அன்றே தன் தவறைத் தானே சொன்னார். மருத்துவமனையோ அரசுக்கு அறிவிக்க வேண்டியதை அறிவிக்காமல், குடும்பத்தோடு சத்தமில்லாமல் சமரசம் செய்துகொண்டது. மறு வருஷம் பெயர் சொல்லாத ஒரு புகார் போனதால்தான் வெளியே வந்தது. 2022 மார்ச்சில் ஜூரி யாரைக் குற்றவாளி என்றது? ஒத்துக்கொண்டவரைத்தான். மே மாதம் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. லைசென்ஸ் அதற்கு முன்பே போயிருந்தது.

அந்தச் செவிலியரை நான் முழுக்க விடுவிக்க மாட்டேன். மருந்துக் குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. பொடியாக இருந்ததைக் கரைத்துக் கொடுத்தார். கேட்ட மருந்தோ திரவமாகவே வரும். நிற்க வேண்டிய இடங்கள் பல இருந்தன, நிற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கச் செவிலியர்கள் பேசிக்கொண்டது ஒன்றுதான்: இனிமேல் தவறு நடந்தால் வாயைத் திறப்பதா வேண்டாமா? மறைத்த நிறுவனத்தின் மேல் வழக்கு இல்லை, சொன்ன ஆள் மேல் வழக்கு. இதைப் பார்த்து ஒருவர் வேறென்ன பாடம் கற்றுக்கொள்ள முடியும்? நம் ஊரில் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர் மேல் கிரிமினல் வழக்குப் போட வேண்டுமென்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தக் கோடு எங்கே என்று சண்டை போடலாம். கோடு என்று ஒன்று இருக்கிறதே, அது நல்லது.

இனி கம்பெனிகள். மனுஷனை மன்னிப்பதும் கம்பெனியை மன்னிப்பதும் ஒரே விஷயம் என்று நான் நினைக்கவில்லை. கம்பெனிக்குத் தூக்கம் கெடாது, சோறு இறங்காமல் போகாது. அதனால் கம்பெனியிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டுத்தான் மன்னிப்பேன். முதல் கேள்வி: மாட்டிக்கொண்டதும் ஆளைக் காட்டினாயா, நடந்ததைக் காட்டினாயா?

கிட்லேப் என்ற மென்பொருள் கம்பெனி. 2017 ஜனவரி 31 இரவு, வேலை முடிந்து கிளம்ப வேண்டிய நேரத்தைத் தாண்டி ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர் ஒருவர், காலி செய்ய வேண்டிய சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் டேட்டாபேஸை அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்குமே? ஐந்து விதமான ஏற்பாடு இருந்தது, ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அந்த இன்ஜினியரே வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல் காப்பாற்றியது. கிட்லேப் செய்தது என்ன? மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாக ஓடவிட்டது. பிறகு எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டது, பேக்கப் தோல்வி பற்றி எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களே போய்ச் சேராமல் நின்றிருந்தது உட்பட. அந்த இன்ஜினியரை வேலையை விட்டு அனுப்பவில்லை. வாடிக்கையாளர்களுக்கு ஆறு மணி நேர வேலை காணாமல் போயிருந்தது. இருந்தும் அந்தக் கம்பெனி மேல் பலருக்கு மரியாதை கூடியது.

கிரவுட்ஸ்ட்ரைக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று அவர்கள் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்த நாள். காரணத்தை அவர்களும் பிறகு விரிவாக எழுதினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில், ராத்திரி பகலாக அந்தக் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்த பார்ட்னர் கம்பெனி ஆட்களுக்கு நன்றிக்கடனாகப் பத்து டாலர் உபர் ஈட்ஸ் கூப்பன் அனுப்பினார்கள். நிறைய பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தியதால், மோசடி என்று நினைத்து உபர் அதையும் முடக்கியது. சிலருக்கு அந்த டீ செலவும் வரவில்லை!

இரண்டாவது கேள்வி, கணக்குக்காரனின் கேள்வி: உன் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது? கைதவறி நடக்கும் தவறு இரண்டு பக்கமும் விழும். ஒரு நாள் எனக்கு நஷ்டம், ஒரு நாள் கடைக்கு நஷ்டம். தராசு எப்போது பார்த்தாலும் ஐம்பது கிராம் குறைத்தே காட்டுகிறது, பில்லில் கூட்டல் எப்போது தவறினாலும் மேல்நோக்கியே தவறுகிறது, கேட்காத சந்தா தானாகச் சேருகிறது, தானாக நீங்குவதே இல்லை என்றால், அதை டெக்னிக்கல் எர்ரர் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள். அதற்கு மன்னிப்பு கிடையாது, நுகர்வோர் கோர்ட் இருக்கிறது.

நாம் நடைமுறையில் செய்வது நேர் எதிர். சர்வர் டவுன் என்று போர்டு மாட்டினால் ஒரு மணி நேரம் பொறுமையாக நிற்கிறோம். சாம்பாரை மறந்த சப்ளையரிடம் ஒரு நிமிஷம் பொறுமை இல்லை. ஹோட்டல்காரர் கட்டி, பின் அடித்து, ஒட்டி அனுப்பிய பார்சலில் சட்னி இல்லை என்றால் ஒற்றை ஸ்டார் விழுவது கொண்டுவந்த பையன் தலையில். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க அவனுக்கு அனுமதியே இல்லை.

இன்னொன்று உண்டு. பில்லில் தவறு என்று லேசாகச் சொன்னால் போதும், முதலாளி நம் முன்னாலேயே பையனைக் கூப்பிட்டு, "இவனை இன்னைக்கே நிறுத்திடறேன் சார்" என்பார். நம்மைக் குளிரவைக்க ஒரு பலி. எனக்கு அந்த இடத்தில் சாப்பாடு இறங்காது. இப்போதெல்லாம் குறை சொல்ல வேண்டுமானால் கல்லாவில் போய், மெதுவாக, மாற்றிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். யார் செய்தது என்று அவர் தேடத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுவேன்.

கல்லா என்றதும் என் நண்பன் விஷயத்துக்கு வர வேண்டும். ஊரில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறான். நல்லவன், தொழிலாளிகளுக்குத் தீபாவளிக்குத் துணி, வீட்டு விசேஷத்துக்குப் பணம் என்று குறையில்லாமல் செய்வான். ஆனால் கவுண்டரில் ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஷார்ட்டேஜ் வந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவான். கூடுதலாக வந்தால்? அது கல்லாவுக்கு. ஊரில் பாதிக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் இதுதான் சட்டம் என்றான்.

நிஜச் சட்டம் அப்படி இல்லை. 1936-இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் தொடங்கி இன்றுவரை, தொழிலாளிக்கு அபராதம் போட வேண்டுமென்றால், எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும். அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அந்தச் சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு 360 ரூபாய், அவ்வளவுதான். பிடித்த அபராதமும் முதலாளி பாக்கெட்டுக்குப் போகக் கூடாது; தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். கையில் ஒப்படைத்த பணம் குறைந்தால் பிடிக்கலாம், ஆனால் அது அவருடைய அலட்சியத்தால்தான் குறைந்தது என்று இருக்க வேண்டும், அங்கேயும் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். 2025-இல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இந்த மூன்று சதவீதமும் விளக்கம் கேட்பதும் அப்படியே இருக்கின்றன. நண்பனிடம் சொன்னேன். "மாப்ள, நீ கடை வச்சுப் பாரு" என்றான்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது கவுண்டரில் இருக்கும் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தான். நூற்றி எண்பது ரூபாய் குறைகிறது. அந்தப் பெண் பதில் பேசாமல் நின்றாள். எனக்கு அந்த எண்தான் கண்ணில் பட்டது. பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் உண்டு: கணக்கு எவ்வளவு உதைக்கிறது என்று பார், ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது அல்லது சைபர் ஒன்று கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது. 54-ஐ 45 என்று எழுதினால் ஒன்பது உதைக்கும். 20-ஐ 200 ஆக்கினால் 180.

டிராயரைத் திறந்து பார்த்தோம். இருபது ரூபாய்த் தாளும் இருநூறு ரூபாய்த் தாளும் பக்கத்துப் பக்கத்து அறையில். ஒன்று பச்சை கலந்த மஞ்சள், இன்னொன்று அசல் மஞ்சள். நீளத்தில் பதினேழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கவுண்டருக்கு மேலே அழகுக்கு மாட்டிய மஞ்சள் விளக்கு. சாயங்காலக் கூட்டத்தில் மீதிச் சில்லறை கொடுக்கும் கை எதை எடுக்கும்? (இருபதுக்குப் பதில் இருநூறு வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். அவர்கள் எல்லாம் சட்னிக்காக ஸ்டார் குறைப்பவர்களாக இருக்கலாம்.)

"அப்ப இத்தனை மாசமா ஏன்டா தெரியல?" என்றான் நண்பன். நோட்டைப் புரட்டினோம். ஷார்ட்டேஜ் 110, 65, 40 என்று தாறுமாறாக இருந்தது. 180 அபூர்வமாகத்தான் தலைகாட்டியது. அதற்கான பதில் டிராயரின் அடியில் ஒரு பழைய கவரில் இருந்தது. கூடுதல் வரும் நாளில் அதை முதலாளியிடம் காட்டாமல் அந்தப் பெண் கவரில் போட்டு வைத்து, குறையும் நாளில் அதிலிருந்து எடுத்து ஈடுகட்டியிருக்கிறாள். கவரில் இருப்பு இருந்த நாளில் 180 என்பது 65 ஆகச் சுருங்கிவிடும். கவர் காலியான நாளில்தான் நிஜ எண் வெளியே வந்திருக்கிறது.

நண்பன் கொதித்துப் போனான். "இதுக்குப் பேர் திருட்டு இல்லாம என்னடா?" அந்தப் பெண் அழத் தொடங்கினாள். "எடுத்துட்டுப் போகலண்ணா, எல்லாம் இங்கயேதான் இருக்கு" என்றாள். அது உண்மை. கவரில் இருந்த பணத்தை எண்ணினால் ஒரு சினிமா டிக்கெட்டுக்குத் தேறாது.

அன்று ராத்திரி கடை சாத்திய பிறகு ரொம்ப நேரம் அவனோடு பேசினேன். கவரை உருவாக்கியது நீதான் என்றேன். கூடினால் உனக்கு, குறைந்தால் அவளுக்கு என்று விதி போட்டாய், அவள் அந்த விதிக்குள் பிழைக்க வழி தேடினாள். அதில் உனக்குக் கிடைத்தது மாசம் சில நூறு ரூபாய் பிடித்தம். போனது, உன் விளக்கும் டிராயரும் தப்பு என்ற தகவல். "விட்டுட்டா தினமும் ஷார்ட்டேஜ் வரும்டா" என்றான். வரட்டும், எழுதி வை, எந்த மணிக்கு, எந்தக் கவுண்டரில், எவ்வளவு என்று எழுது, ஒரே ஆளுக்கு ஒரே பக்கமாகவே போனால் அப்போது என்னைக் கூப்பிடு என்றேன்.

விளக்கை மாற்றிவிட்டான். இருநூறு ரூபாய்த் தாளுக்கு டிராயரின் கோடியில் தனி அறை. கூடுதலையும் குறைவையும் ஒரே நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறான், அந்தப் பெண்ணும் இன்னும் அதே கவுண்டரில்தான் இருக்கிறாள். ஆனால் பிடித்தத்தை முழுசாக விட மனசு வரவில்லை. கூடுதலில் கழித்தது போக மீதியில் பாதியைப் பிடிக்கிறானாம். பாதி வழி வந்திருக்கிறான். இந்தப் பதிவை இன்று ராத்திரி அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். படித்துவிட்டு, "என்னைப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதிட்டியா?" என்று சண்டைக்கு வருவான். பெயரைப் போடவில்லையே, மாப்ள!